ஈரோட்டில் நாலு திருச்சபைகள் சேர்ந்து நடத்தும் இரவல் அறை: கட்டில், ஏர் பெட், வாக்கர் வாங்கிய அனுபவம்

வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் நோயாளிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலோ ஏர் பெட்டோ வாக்கரோ தேடி அலைகிற ஈரோட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சூரம்பட்டிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, ஒரு கத்தோலிக்கப் பங்கு, இரண்டு பெந்தெகொஸ்தே சபைகள், ஆக நாலு பேர் சேர்ந்து ஓர் அறை நடத்துகிறார்கள். கட்டில், வீல்சேர், வாக்கர், கமோடு நாற்காலி, நெபுலைசர், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் எல்லாம் இரவலாகக் கிடைக்கும். வாடகை கிடையாது. ஒரு சின்னத் தொகையை முன்பணமாக வாங்குவார்கள், சாமான் நல்லபடியாகத் திரும்பி வந்தால் அதையும் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சபைகள் என்று பெயர் போடவில்லை. இருக்கிற சாமானுக்கே ஆள் வரிசையில் நிற்கிறார்கள், பெயரும் போன் நம்பரும் பரவினால் சமாளிக்க முடியாது என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். உண்மையில் தேவைப்படுகிறவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைகள் இருக்கின்றன, கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்த உதவிகளில் யோசித்துச் செய்த உதவி இதுதான்.

எங்கள் அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்து, பிளேட் வைத்தார்கள். ஆபரேஷன் செலவைக் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் மற்றதெல்லாம் தெரிகிறது. மொடக்குறிச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் எங்களிடம் இருந்தது ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு பழைய தேக்குக் கட்டிலும். கயிற்றுக் கட்டிலில் படுத்தால் இடுப்பு குழிக்குள் இறங்கிவிடும், தேக்குக் கட்டிலில் தலைமாட்டை உயர்த்த வழியில்லை, ஒரு வாய் கஞ்சி ஊட்டவே இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும். வாடகைக் கடையில் விசாரித்தால் முன்பணம் எங்களால் கட்டக்கூடியதாக இல்லை, ஏர் பெட்டுக்குத் தனிக் கணக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள் இல்லையா, அந்தத் தம்பிதான், "அண்ணா, சூரம்பட்டியில சர்ச்சுக்காரங்க ஒரு ரூம் வச்சிருக்காங்க, போய்க் கேளுங்க" என்றார்.

போய்ப் பார்த்தால் அது ஒரு பழைய சண்டே ஸ்கூல் வகுப்பறை. கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது, எந்தச் சாமான் எந்த ஊரில் இருக்கிறது என்பதை அதில்தான் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்கள். இரும்பு ராக்கில் வாக்கர்கள் உயரவாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு சாமானிலும் ஓர் அட்டை தொங்குகிறது: கடைசியாக எப்போது கழுவியது, யார் சோதித்தது, பிரேக் சரியா, ரப்பர் சரியா.

ஒரு விஷயம் சட்டென்று கண்ணில் பட்டது. நம் பக்கம் கோயிலோ சர்ச்சோ பள்ளிக்கூடமோ, டியூப் லைட்டில்கூட உபயம் இன்னார் என்று எழுதாமல் விடமாட்டார்கள். அந்த அறையில் ஒரு சாமானிலும் பெயர் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல் நிற பெயின்ட், மேலே வெறும் எண். பொறுப்பில் இருந்த அண்ணனிடம் கேட்டேன். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் எல்லாவற்றிலும் அந்தந்தச் சபையின் பெயரும் கொடுத்தவர் பெயரும் இருந்ததாம். "எங்க சபை வண்டி, உங்க சபை வண்டின்னு பேச்சு வந்துட்டுதுங்க தம்பி. ஒரு நாள் நாலு சபை ஆளுகளும் உக்காந்து எல்லாத்துக்கும் பெயின்ட் அடிச்சுட்டோம்" என்றார். கொடுத்தவர்களில் சிலருக்கு வருத்தம் இருந்திருக்கிறது. பெரிய தொகை கொடுத்த ஒருவர் கொஞ்ச நாள் பேசாமலே இருந்தாராம். அதையும் தாங்கிக்கொண்டுதான் அடித்திருக்கிறார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதையும் அவரே சொன்னார். 2021-இல் கொரோனா இரண்டாம் அலை. ஒவ்வொரு சபையும் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது. ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டுக்கு மூன்று சபைகளிலிருந்து அரிசி மூட்டை போயிருக்கிறது, அடுத்த தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு சபையின் ஸ்டோர் ரூமில் வீல்சேர் துருப்பிடித்துக் கிடக்க, கூப்பிடு தூரத்தில் இன்னொரு சபை வீல்சேருக்காகக் காணிக்கை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அலை அடங்கியதும் ஆயரும் ஃபாதரும் இரண்டு பாஸ்டர்களும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். கூட்டு ஆராதனை வேண்டுமா, ஒரே மேடையில் கிறிஸ்துமஸ் விழா வேண்டுமா என்றெல்லாம் பேச்சு எழுந்து, அதில் ஒன்றுமே ஒத்துவரவில்லை. ஞானஸ்நானத்திலிருந்து நற்கருணை வரை அவர்களுக்குள் ஆயிரம் வித்தியாசம். கடைசியில் அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நோட்டு, ஒரு அறை, ஒரு சாவி என்பதில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எல்லாவற்றிலும் ஒன்றாகிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம் என்று காத்திருந்தால் எங்கள் அப்பத்தாவுக்குக் கட்டில் வந்திருக்காது.

அவரவர் கையில் இருந்ததைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இடமும் கரண்ட் பில்லும் சி.எஸ்.ஐ. சபையுடையது. கத்தோலிக்கப் பங்கிலிருந்து நர்ஸ் படிப்பு படித்த கன்னியர்கள் வருகிறார்கள், கான்சன்ட்ரேட்டர்களும் அந்தக் கான்வென்ட்டுக்குக் கொரோனா நேரத்தில் வந்தவைதான். அதே பங்கில் இருக்கும் வின்சென்ட் தே பால் சபை என்ற உதவிச் சங்கத்துக்காரர்கள் ஏற்கெனவே வீடுவீடாகப் போய் ஏழைகளைப் பார்க்கிற வழக்கம் உள்ளவர்கள், அதனால் யாருக்கு உண்மையில் தேவை என்று விசாரிக்கும் வேலை அவர்களுடையது. பெந்தெகொஸ்தே சபைகள் இரண்டும் சின்னவை, ஒன்று வாடகைக் கட்டடத்தில்தான் கூடுகிறது, பணம் கிடையாது. ஆனால் தூக்குகிற, ஏற்றுகிற, மாடிப்படியில் கட்டிலைச் சுமக்கிற இளவட்டங்கள் எல்லாரும் அங்கிருந்துதான். ஒரு பையன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான், அந்த ஆட்டோதான் டெலிவரி வண்டி, டீசலுக்கு மட்டும் பொதுவில் கொடுக்கிறார்கள். இந்தச் சின்னச் சபைகளின் பங்கு வெளியில் தெரிவதே இல்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

சாமானைக் கொடுக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். கடையில் வாடகைக்கு எடுத்தால் பில் போட்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். இங்கே அந்த ஃபிட்டர் அண்ணன் கட்டிலைப் பூட்டிக் காட்டினார், பிறகு கழற்றினார், "இப்ப நீங்க ஒருக்கா பூட்டுங்க" என்று ஸ்பானரை என் கையில் கொடுத்தார். தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்றுவது, சுற்றி முடித்ததும் அதைக் கட்டிலுக்கு அடியில் மடக்கி விடாவிட்டால் நடக்கிறவர் முழங்காலில் எப்படி இடிக்கும் என்றெல்லாம் சொன்னார். வீல்சேரில் உட்கார்ந்து பிரேக்கைப் போட்டு, என்னைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். "ஆளை எறக்கும்போது பிரேக் போடாம வுட்டுத்தான் பாதிப் பேரு வுழுகறாங்க தம்பி." வாக்கரை எங்கள் அப்பத்தாவின் உயரம் கேட்டு ஓட்டை மாற்றிக் கொடுத்தார். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டுமாம்.

ஏர் பெட்டைப் பற்றி அங்கே சொல்லித் தராமல் விட்டிருந்தால் நாங்கள் அதை வீணடித்திருப்போம். அந்த மெத்தையில் வரிசை வரிசையாகக் குமிழோ குழாயோ இருக்கும். மோட்டார் ஓடும்போது ஒரு வரிசையில் காற்று ஏறும், அடுத்த வரிசையில் இறங்கும், இப்படி மாறி மாறி வருவதால் உடம்பின் ஒரே இடத்தில் பாரம் நிற்காது. அதனால்தான் படுக்கைப் புண் தள்ளிப்போகிறது. மேலே ஒரே ஒரு மெல்லிய பெட்ஷீட்தான் போட வேண்டும். நம் வீடுகளில் என்ன செய்வோம்? மரியாதையாக ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்து, அதன் மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதற்கும் மேல் ரப்பர் ஷீட் போடுவோம். அவ்வளவு கனம் ஏறினால் அடியில் மெத்தை ஓடுவதும் ஓடாததும் ஒன்றுதான். எங்கள் பெரியம்மா ஜமுக்காளத்தை எடுத்து வைத்துக்கொண்டு தயாராகத்தான் நின்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த நாளைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். ஆட்டோவில் இரண்டு பையன்கள் வந்தார்கள். கொங்கு நாட்டுக் கிராமங்களில் யார் வீட்டுக்குள் யார் வரலாம் என்பது இன்னும் எப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரும் விதிவிலக்கு இல்லை. பையன்கள் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று பெரியப்பா விசாரிக்க ஆரம்பித்தார். விசாரணை எதற்கு என்று அந்தப் பையன்களுக்கும் புரிந்துவிட்டது. கட்டிலை ஆசாரத்திலேயே, அதாவது முன்கூடத்திலேயே, இறக்கி வைத்துவிட்டுப் போங்கள், நாங்கள் உள்ளே தூக்கிக்கொள்கிறோம் என்றார் பெரியப்பா. மூத்த பையன் கோபப்படாமல், "இல்லைங்க, ரூமுக்குள்ள வச்சுத்தானுங்க பூட்டணும், பூட்டுனது கதவுல நொழையாதுங்க" என்றான். உள்ளே படுத்திருந்த அப்பத்தா அதைக் கேட்டுவிட்டு, "எவண்டா அவன் அங்க கேள்வி கேக்கறவன், உள்ள வரச் சொல்றா" என்று சத்தம் போட்டது. பையன்கள் உள்ளே வந்து பூட்டினார்கள், அப்பத்தாவைப் போர்வையோடு தூக்கிக் கட்டிலில் மாற்றினார்கள், பெரியம்மா கொடுத்த மோரை எல்லாரும் குடிக்கிற அதே டம்ளரில் குடித்தார்கள். எங்கள் வீட்டில் இது முதல் தடவை. அந்தப் பையன் எந்தச் சலனமும் இல்லாமல் டம்ளரை வைத்துவிட்டு, மோட்டாரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி எத்தனை ஆசாரங்களில் எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருப்பான் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்கடுத்த வாரம் ஒரு சிஸ்டர் வந்தார். இப்படி வருவார்கள் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள், ஆனாலும் டவுனிலிருந்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தவுடன் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, அப்பத்தாவின் இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் நுழைத்துப் பார்த்தார். உடம்பின் பாரம் கையில் நேராக இடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தமாம், மோட்டாரில் இருக்கும் திருகை ஒரு புள்ளி ஏற்றினார். பிறகு குதிகால், இடுப்புக்குப் பின்புறம், முழங்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்புறம் ஓரிடத்தில் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திவிட்டு எடுத்தார், சிவப்பு மாறவே இல்லை. "இதுதாம்மா தொடக்கம், இப்பப் பார்த்தா மாறிடும், பத்து நாள் விட்டா குழியாயிடும்" என்று பெரியம்மாவிடம் சொன்னார். மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், புரட்டும்போது கால்களுக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் அடியில் துணியைச் சுருட்டி வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் செய்து காட்டினார். சுவரில் இருந்த நாள்காட்டியின் பின்பக்கத்தில் மணியும் பக்கமும் எழுதி ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார், அதில் இரவு நேரத்துக்கு யார் யார் முறை என்றும் கேட்டு எழுதியதால் வீட்டு ஆண்கள் யாரும் நழுவ முடியவில்லை. அப்பத்தாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "அம்மிணி, நீ எப்ப வருவ" என்று அடுத்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சிவப்பு புண்ணாகாமலே மாறியது.

சரி, எல்லாரும் கேட்க நினைக்கிற கேள்விக்கு வருகிறேன். மதம் மாற்றுவார்களா, ஏதாவது புத்தகம் கொடுப்பார்களா? எங்கள் சொந்தத்திலேயே இதைக் கேட்டார்கள், கேட்டதில் தப்பில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். விண்ணப்பத் தாளில் மதம், சாதி என்ற கட்டமே இல்லை. சாமானோடு எந்தத் துண்டுப் பிரசுரமும் கொடுக்கக்கூடாது என்பது நாலு சபைகளும் எழுதிக் கையெழுத்துப் போட்ட விதி, அந்தத் தாளை அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் மட்டும் ஜெபம் செய்யலாம், தானாக ஆரம்பிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவர்களும் செய்யவில்லை. பங்குனியில் பெரிய மாரியம்மன் பண்டிகை நேரத்தில் அப்பத்தாவுக்குத் தீர்த்தம் கொண்டுவந்து கட்டிலிலேயே தெளித்தோம், கட்டில் கம்பியில் திருநீறும் மஞ்சளும் பட்டிருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது துடைத்துவிட்டுத்தான் கொடுத்தோம், ஒரு மூலையில் மிச்சம் இருந்ததை அந்த ஃபிட்டர் அண்ணனே துடைத்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தவரை சபைகள் சேர்ந்து வேலை செய்வது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஈரோட்டின் பிரப் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த பிரப் லண்டன் மிஷன்காரர். கோவை, ஈரோடு பக்கமெல்லாம் அந்த மிஷன் வேலை செய்த இடங்கள். அந்த வழியில் வந்த சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன, அது 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனது. சுதந்திரம் கிடைத்து அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. கோவைத் திருமண்டலம் 1950-இல் உருவானபோது முதல் பேராயராக வந்த ஏ.ஜே. அப்பாசாமி தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் ஊறியவர். அதைவிட நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஈரோட்டில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்காத குடும்பம் நம் பக்கம் குறைவு. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அந்த இடத்தை அதன்பின் பல சபைகள் சேர்ந்துதான் தாங்கி வளர்த்தார்கள். தனியாக ஒரு சபை நடத்தியிருந்தால் அவ்வளவு பெரிதாகியிருக்குமா என்பது சந்தேகம். கத்தோலிக்கர்களும் பெந்தெகொஸ்தேகாரர்களும் ஒரே நோட்டில் கையெழுத்துப் போடுவது மட்டும் நான் கண்ணால் பார்த்தவரை இங்கேதான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வெளிநாட்டுப் பணம் எதுவும் இல்லையாம். பெரும்பகுதி அறுப்பின் பண்டிகை ஏலத்திலிருந்து. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், தோட்டத்தில் விளைந்ததை எல்லாம் ஆலயத்தில் கொண்டுவந்து வைப்பார்கள்: மஞ்சள், கரும்பு, தேங்காய், பூசணி, ஒரு சேவல், ஒரு படி ராகி. ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு சேவலை ஒருவர் எடுத்துவிட்டு, திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார், அது நாலைந்து கை மாறி, சந்தையில் கனவிலும் போகாத விலைக்குப் போகும். முன்பெல்லாம் அந்தப் பணம் ஆலயத்துக்குள்ளேயே போனது, இப்போது ஒரு பங்கு இந்த அறைக்கு. கத்தோலிக்கப் பங்கில் தவக்காலத்தில் அன்பியம் அன்பியமாக (பங்குக்குள் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழுக்கள்) உண்டியல் வைத்துச் சேர்க்கிறார்கள். வரவு செலவு மாதாமாதம் நாலு சபை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படுகிறது. அங்கே போனபோது நானே நின்று படித்தேன், ஏர் பெட் மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு, ப்ளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு என்பது வரை இருந்தது.

இனி குறைகள். முதலில் நேரம். மாலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் திறந்திருக்கும், ஞாயிறு முழுக்க மூடல். ஆஸ்பத்திரியிலிருந்து காலை பதினொரு மணிக்கு டிஸ்சார்ஜ் ஆகிறவன் மாலை ஐந்து மணி வரை நோயாளியை எங்கே வைப்பான்? டெலிவரி செவ்வாயும் சனியும் மட்டும். நாங்கள் ஒரு புதன்கிழமை போனதால் சனி வரை அப்பத்தாவைத் தேக்குக் கட்டிலிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று ராத்திரியை எங்கள் வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். அவசரமாக அன்றைக்கே வேண்டும் என்றால், கையில் பணமும் இருந்தால், வாடகைக் கடைக்கே போங்கள். அங்கே கேட்ட மணி நேரத்தில் கொண்டுவந்து போடுவார்கள், சாமானும் புதுசாக இருக்கும். டிஸ்சார்ஜ் தேதி முன்கூட்டியே தெரிந்தால் இந்த அறையில் நாலைந்து நாளுக்கு முன்பே எழுதி வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

போனை எடுக்கமாட்டார்கள். ஒரே ஒரு நம்பர், அது யார் முறையோ அவர் கையில் இருக்கும், அவர் வேலைக்குப் போயிருப்பார். இதைச் சொன்னபோது ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மாறியதாகத் தெரியவில்லை. நாலு சபையிலும் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், காலையில் ஒருவர் போனை வைத்துக்கொள்ளலாமே.

அறை வாசலில் மூன்று படி. வீல்சேர் கொடுக்கும் இடத்துக்கு வீல்சேரில் வர முடியாது. ஒரு சின்னச் சரிவுப் பாதை போடப் பெரிய செலவு ஆகாது, கட்டடம் ஒரு சபையுடையது என்பதால் அந்தக் கமிட்டி தீர்மானம் போட வேண்டும், அதுதான் இழுக்கிறது என்றார்கள். கமிட்டி என்றதும் இன்னொன்று. ஒரு சபையில் தேர்தல் நேரத்தில் பழைய கமிட்டிக்கும் புதுக் கமிட்டிக்கும் தகராறாகி, அறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதே வழக்காகிக் கொஞ்ச நாள் அறை பூட்டியே கிடந்ததாம். வரிசையில் இருந்தவர்கள் வந்து வந்து திரும்பியிருக்கிறார்கள். இதைச் சொன்ன பெண்கள் ஐக்கியத்து அம்மா சொல்லும்போதே கோபத்தில் கை நடுங்கினார். அதற்குப் பிறகு சாவி நாலு சபைக்கும் ஒவ்வொன்று என்று ஆகியிருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் நோயாளிகளைக் காக்க வைத்த பிறகு வந்தது.

கான்சன்ட்ரேட்டர் போதாது, எண்ணிக்கை மிகக் குறைவு, நுரையீரல் நோயாளிகள் மாதக் கணக்கில் வைத்திருப்பதால் சுற்றிலேயே வருவதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தரமாட்டார்கள், அதில் நான் அவர்கள் பக்கம். யாருக்கு எத்தனை லிட்டர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்களுக்கு அங்கே சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், வாரம் ஒரு முறை ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள், விளக்கு ஏற்றும் சாமி அறைப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள், பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. கரண்ட் போனால் அது நின்றுவிடும், அதற்கு முன்னேற்பாடு என்ன என்று வாங்கும்போதே டாக்டரிடமும் அவர்களிடமும் பேசிவிடுங்கள்.

இன்னொரு குறை அவர்கள்மேல் இல்லை, நம்மேல். சாமானைத் திருப்பிக் கொடுக்காத வீடுகள் நிறைய. நோயாளி குணமாகிவிட்டார், அல்லது இறந்துவிட்டார், வாக்கர் பரணில் ஏறிவிடுகிறது. முன்பணம் சின்னது என்பதால் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கமோடு நாற்காலிக்குத்தான் அடிதடி, கரும்பலகையில் அதற்கு நேராகத்தான் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. முன்பணத்தைக் கூட்டலாமே என்றால், கூட்டினால் கூலி வேலை செய்கிறவர்கள் வரமாட்டார்கள் என்கிறார்கள். அதுவும் உண்மை.

அறையைத் தவிர, சனிக்கிழமைகளில் அரசு ஆஸ்பத்திரியில் நோயாளியோடு தங்கியிருப்பவர்களுக்குக் கஞ்சியும் துவையலும் கொடுக்கிறார்கள், ஒவ்வொரு வாரமும் ஒரு சபை. நான் ஒரு தடவை வாங்கிக் குடித்தேன், நன்றாக இருந்தது, உப்பு மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும் என்றார் பக்கத்தில் நின்றவர். அதைப் பற்றி எழுத எனக்கு இதற்கு மேல் தெரியாது.

போகிறவர்களுக்கு: ஆதார் நகல், டிஸ்சார்ஜ் சீட்டு நகல், உள்ளூரில் உங்களைத் தெரிந்த ஒருவரின் போன் நம்பர் எடுத்துப் போங்கள். நோயாளியின் உயரம், எடை, அறைக் கதவின் அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போனால் இரண்டாவது நடை மிச்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டில் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் அவர்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது சோப்புத் தண்ணீரில் துடைத்து வெயிலில் காயவைத்துக் கொடுங்கள், அதற்கு மேல் அவர்களும் ஒரு தடவை மருந்து போட்டுத் துடைப்பார்கள். ஏர் பெட்டை மட்டும் வெயிலில் போடாதீர்கள், நிழலில் காயவையுங்கள், மடிக்காமல் சுருட்டுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் வாக்கரோ கமோடு நாற்காலியோ சும்மா இருந்தால் அதையும் அங்கே கொடுக்கலாம். கால் ரப்பர் தேய்ந்திருந்தால் மருந்துக்கடையில் புதிது வாங்கிப் போட்டுவிட்டே கொடுங்கள். அவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான், தேய்ந்திருந்தால் மாற்றும்வரை ராக்கில் தனியாக ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.